பதினொன்றில் ஏழாவது

தேசம்மாவுக்குச் சட்டத்தின் மேல் மரியாதை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாதித் தூக்கத்தில். மயிலாப்பூரிலிருந்து சாருலதா என்ற இளம் வக்கீல் அடையாறு கடற்கரைக் குப்பத்துக்கு வந்து, மாதா கோயில் வாசலில் பெண்களை உட்காரவைத்துப் பேசினாள். போலீஸ் காவலில் ஆட்கள் சாவதைப் பற்றி வங்காளத்தில் ஒருவர் கடிதம் எழுதினாராம். ஒரே ஒரு கடிதம். உச்ச நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்து, போன டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். இனி யாரைப் பிடித்தாலும் போலீஸ் பதினொரு கட்டளைகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

"பைபிள்லயே பத்துதான். இவங்க ஒண்ணு சேத்துக் குடுத்துக்கீறாங்க" என்றாள் அவளோடு மீன் விற்கும் முத்துமாரி. கூட்டம் சிரித்தது.

மற்றதெல்லாம் தேசம்மாவுக்கு அன்று மாலையே மறந்துபோனது. ஏழாவது மட்டும் ஒட்டிக்கொண்டது. பிடிபட்டவன் கேட்டால், அவன் உடம்பை அப்போதே பார்த்து, இருக்கிற காயங்களை எழுதி, அவனும் போலீசும் கையெழுத்துப் போட வேண்டும். மீன் ஏலத்திலும் அதுதானே வழக்கம்? கூடை கைமாறும் முன்பே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் கெட்டால் வாங்கினவள் பாடு. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளுக்கு மீன்காரி புத்தி இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடற்கரை பங்களா ஒன்றில் தண்ணீர் மோட்டார் திருடுபோனது என்று அவள் கணவன் வேதநாயகத்தைப் போலீசார் ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். போன வருடம் பக்கத்து வீட்டு வேலு அதே ஸ்டேஷனுக்கு நடந்து போனான்; நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்டதற்குப் போலீஸ், காயமெல்லாம் பழசு, கட்டுமரத்தில் பட்டது என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார்கள். வக்கீலம்மாவுக்குப் போன் போடும்படி முத்துமாரியிடம் சொல்லிவிட்டுத் தேசம்மா ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"கைதே பண்ணலம்மா. சும்மா விசாரணை. காலைல வா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அப்ப கூட்டிக்கினு போறேன் சார்."

"அதெல்லாம் முடியாது."

"வுட மாட்டீங்கன்னா புடிச்சி வெச்சிக்கீறீங்கன்னுதான அர்த்தம்? அப்ப ஒடம்பப் பாத்து எழுதுங்க. சுப்ரீம் கோர்ட்டு சொல்லிக்கீது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டேஷன் ரைட்டர் ரகுபதி சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினார். அதன் பின்னால், பதினொரு கட்டளைகளோடு மேலிடத்திலிருந்து வந்த, அவரே ஒட்டிய சுற்றறிக்கை இருந்தது.

"ஏழாவது பாயிண்ட் சார். செய்யலன்னா கோர்ட் அவமதிப்புன்னு கீழ போட்டிருக்கு."

"அவன் கேட்டாத்தானய்யா?"

கம்பிக்குப் பின்னால் வேதநாயகம் நின்றான். அலைக்கு அஞ்சாத ஆள், காக்கியைக் கண்டால் நாக்கு எழாது.

"கேளுய்யா" என்றாள் தேசம்மா.

"கேக்கறேன் சார்" என்றான், பாதிக் குரலில்.

சட்டையைக் கழற்றினான். ரகுபதி பேனாவைத் திறப்பதற்குள் தேசம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிட்டாள். வலது கட்டைவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு. தோளில் துடுப்பு போட்டுப் போட்டுக் காய்த்தது. இடது காலில் கெளுத்தி முள் ஏறினது. முழங்காலில் போன வாரம் பாறையில் சிராய்த்தது, இன்னும் பொருக்கு உதிரவில்லை. ரகுபதி ஒவ்வொன்றையும் கிட்டே போய்ப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஒரு ஒடம்புல இவ்வளவா?"

"கடல் வேல சார்."

"முதுகு?"

"முதுகுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா கீது." அவள் பெஞ்சை விட்டு எழுந்தாள். "அதையும் எழுதுங்க."

ரகுபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, 'முதுகில் காயம் எதுவும் இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி உரக்கப் படித்தார். வேதநாயகம் கையெழுத்துப் போட்டான்; சப்-இன்ஸ்பெக்டரும் போட்டார், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. தீர்ப்பின் ஜெராக்ஸோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்த சாருலதாவுக்கு அங்கே வாதாட எதுவுமே மிச்சமில்லை. ரகுபதி எழுதிய தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு முழுக்க அவனை யாரும் தொடவில்லை. எழுத்தில் கைதாகிவிட்டதால் மறுநாள் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்; மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தார், உடம்பைப் பார்த்தார், ஜாமீன் கொடுத்தார். வங்காளத்தில் யாரோ எழுதிய ஒரு கடிதத்துக்கு இவ்வளவு நீளமான கையா என்று தேசம்மாவுக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் மீன்காரி அல்லவா, கைமாறும்போது பார்க்காமல் வாங்க மாட்டாள். வராந்தாவிலேயே, அத்தனை பேர் பார்க்க, சட்டைக்குள் கைவிட்டு அவன் முதுகை மேலிருந்து கீழ்வரை தடவினாள். எழுதியிருந்தபடியே இருந்தது.