குமாரசாமி பண்ணைக்காக ஒரு வரி

அன்பரசு மடிக்கணினியை என் பக்கம் திருப்பியபோது, திரையின் நடுவில் என் கணவர் எழுதிய வரி ஒன்று இருந்தது. "குமாரசாமி பண்ணைப் பெட்டியை மாற்றும்வரை இதை எடுக்க வேண்டாம்."

ஜெயபிரகாஷ் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கொட்டகையில் வைக்கும் சிறு கணினிப் பெட்டியில் ஓடி, கோழிகளுக்குச் சூடு ஏறினால் அபாயச் சங்கை ஊதவைக்கும் மென்பொருளை அவர் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியே வைத்திருந்தார். பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் அது ஓடுகிறதாம். கூட இருந்து வேலை செய்தவன் அன்பரசு. அதில் எதையும் மாற்றத் தேவையான கடவுச்சொல் என்னிடம் இருந்தது.

"நெட்வொர்க்குக்கு அண்ணன் வெச்ச பழைய டூல் புது லினக்ஸ்ல வராதுங்கக்கா. அது இல்லாம புரோகிராமே உருவாகாம பில்டு நின்னுருது. இந்த மாசத்துக்குள்ள எடுக்கலீன்னா லினக்ஸ்காரங்க அண்ணன் புரோகிராமையே அவங்க லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாங்க."

"எடுத்தா?"

"எல்லார்த்துக்கும் ஓடும். குமாரசாமி அண்ணன் பொட்டியில மட்டும் ஓடாது. அது அத்தனை பழசு."

மறுநாள் மதியம் புதுப் பெட்டியோடு குமாரசாமி பண்ணை இருக்கும் புதுச்சத்திரம் போனோம். கொட்டகை வாசலில் ரோஸ் நிற மருந்துத் தண்ணீரில் எங்கள் காலை நனைக்கவைத்துத்தான் உள்ளே விட்டார் குமாரசாமி.

"மாத்தலாம்னு அவரு வாரப்பெல்லாம் சொல்லுவாரு அம்மிணி. நாந்தான் உடலை. ஒருக்கா பொட்டி நின்ன மத்தியானம் எண்ணூறு கோழி போச்சு."

"உங்க ஒருத்தருக்காக நாலு வருசமா அந்த டூலை வெச்சிருந்தாருங்க" என்றான் அன்பரசு.

"எங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே. ஞாயித்துக்கெழமையானா வந்து பொட்டியப் பாத்துட்டு, மோரைக் குடிச்சுப்போட்டுப் போயிருவாரு."

என்னிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது வீட்டில் இருங்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். வேலை இருக்கிறது என்பார். இந்த ஒரு பெட்டிதான் அந்த வேலை என்று இப்போதுதான் தெரிந்தது.

குமாரசாமி புதுப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "விசிறியை நிறுத்தறேன். ஊதுச்சுன்னா வெச்சுட்டுப் போங்க. ஊதலீன்னா பழசைத் தொட உட மாட்டேன்."

விசிறிகள் நின்றன. சித்திரை வெயிலில் தகரக் கூரை இறங்கி வருவதுபோல் இருந்தது. புதுப் பெட்டியின் திரையில் சூடு முப்பத்து நான்கு டிகிரி, முப்பத்தைந்து. கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கின, இறக்கைகளை உடம்பிலிருந்து அகற்றிக்கொண்டன. முப்பத்தாறில் ஊத வேண்டும். முப்பத்தாறைத் தாண்டியது. ஊதவில்லை.

குமாரசாமியின் கை விசிறிச் சுவிட்சில் இருந்தது. "என்னப்பா, உன்ற பொட்டி தூங்குதா?"

"சூட்டை மூணு தடவ பாத்துட்டுத்தானுங்க ஊதும். அண்ணன் அப்படித்தான் எழுதியிருக்காரு." அன்பரசுவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முப்பத்தேழில் சங்கு ஊதியது. பதினோராயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் அடங்கின.

அன்பரசு என்னைப் பார்த்தான். "அந்தப் பழைய டூலை எடுத்துரு" என்றேன். சங்குச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. குமாரசாமி சுவிட்சைப் போட்டார். விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்க, கம்பி வலையில் ஒட்டியிருந்த இறகுகள் கிளம்பி என் புடவையில் வந்து விழுந்தன. அன்பரசு இன்னும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.