புகை போகும் வழி

...மறுபடியும் புகைகிறது, கம்பி சூடு அதிகம், குறை பாப்பா, குறை, சரியான சூட்டில் தெர்மாகோல் சத்தமில்லாமல் பிளந்து கொடுக்கும், புகை வந்தால் நீ வெட்டவில்லை, எரிக்கிறாய், இதைச் சொல்ல நாலு வார்த்தை போதும், அந்த நாலும் மூளையிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து சேர்வதற்குள் வெறும் ‘ஆ’ ஆகிவிடுகின்றன, ஐந்து மாதமாக இப்படித்தான், பக்கவாதம் வந்து உடம்போடு வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் என்பார்கள், எனக்கு நிஜமாகவே இரண்டும் முடியாது, சாப்பாடு குழாய் வழியாகத்தான்... மகள் என் கட்டிலை ஒட்டி மேஜை போட்டுக் குனிந்திருக்கிறாள், லீவு நாளென்றால் அவளுக்கு இதுதான், கரண்ட்டில் காய்கிற கம்பியால் தெர்மாகோலை வெட்டிக் குட்டி ரயில் நிலையம், குட்டிப் பாலம், குட்டி வீடுகள். மூக்குக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா? துணி மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்குகிறது, மேலே ஏற்றினால் மட்டும் என்ன, துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்குமா, கொசுவலை கட்டி மழையை நிறுத்துகிற கதை.

முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை என்ன? சாயப்பட்டறை, பேட்டரி கம்பெனி, ஓட்டல் அடுப்படி, எங்கே புகை இருந்ததோ அங்கே தகரக் குழாய் போட்டு, விசிறி வைத்து வெளியே தள்ளியவன். புகை முகத்தைக் கடந்து போகக் கூடாது, முகத்துக்கு வருமுன்பே அந்தப் பக்கமாக இழுத்துவிட வேண்டும் என்று எத்தனை முதலாளிகளிடம் கத்தியிருப்பேன்... கூட வேலை பார்த்த ஒருவன், மூக்கன் என்று கூப்பிடுவோம், நாற்றம் இல்லையென்றால் நல்ல காற்று என்பான், அடேய், பழகிப்போன மூக்குக்கு எதுவும் நாறாதுடா என்பேன். பாப்பாவுக்கும் பழகியிருக்கும். ஜன்னல் நாலடி தூரத்தில்தான், அதுவும் எனக்காக மூடியிருக்கிறது, எனக்குக் குளிர்காற்று ஆகாதாம். கண்ணை ஜன்னலுக்குக் கொண்டுபோகிறேன், அவளுக்கு, மறுபடி ஜன்னலுக்கு. பார்த்துவிட்டாள், எழுந்தாள், அப்பாடா... கொக்கியை இன்னும் அழுத்திப் போட்டுவிட்டு, “காத்து வருதாப்பா? இனிமே வராது” என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கண் எரிந்து நீர் வழிந்தது, அதையும் துடைத்தாள், “எதுக்குப்பா அழறீங்க, நான் இங்கதானே இருக்கேன்.” அழவில்லை பாப்பா, இது புகை... சரி, கொஞ்சம் அழுகையும்தான்.

இருமினாள். வறட்டு இருமல், மூன்று முறை. கம்பியை அணைத்துவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டாள், போன வாரமும் இப்படித்தான் அழுத்திக்கொண்டாள், பெற்ற பிள்ளை கண்ணெதிரே விஷத்தை இழுத்துக்கொண்டிருக்க மரக்கட்டையாய்க் கிடக்கிறேன், இதற்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். என் பக்கம் திரும்பினாள். “இந்த நாத்தம் ஒத்துக்கலையாப்பா? எனக்கே தல கனக்குது. ஜன்னலத் திறந்தா உங்களுக்கு ஆகாது. இந்த வேலைய மொட்டை மாடிக்குக் கொண்டு போயிடவா? ஆனா சாயங்காலம் வரைக்கும் நீங்க தனியா இருக்கணும். போகலாம்னா ஒரு விரலத் தூக்குங்க, போதும்.”

ஒரு விரல். ஐந்து மாதத்தில் முதல் முறையாக என்னால் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. மொட்டை மாடி, திறந்த வெளி, அதைவிட நல்ல இடம் ஏது, தூக்கு... சாயங்காலம் வரை இந்த உத்தரமும் நானும், அவள் முணுமுணுக்கிற பாட்டுகூட இல்லாமல், யாராவது வரமாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டு... தூக்கு முட்டாளே, உன் மகள். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம், பிறகு சிரித்தாள், “சரிப்பா, இங்கயே இருக்கேன்.” கம்பியின் சுவிட்சைப் போட்டாள். விரல் எழவில்லை, வாதம் இந்தப் பக்கமும் பரவியிருக்கும், நான் என்ன செய்ய, என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்... ஆனால் காலையில் இதே விரலால்தானே கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி அவளை இந்த அறைக்குக் கூப்பிட்டேன்.