தறிப் பேச்சு

திரையில் மூத்தவளின் முகம் ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் அவளுடையது இல்லை. யாரோ ஒரு இளைஞன், பின்னால் இசை ஒழுக, குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தான். அன்று கலவரத்துக்கு நடுவே ஜெபக்கூடத்தின் கதவு அகலத் திறந்ததாம். பயந்து ஓடி வந்த பெண்களைப் பெரிய போதகர் இரு கைகளையும் விரித்து உள்ளே அழைத்தாராம். அடிபட்ட அவள் தங்கை, பீடத்தின் அருகில், ஜெபத்தின் நடுவே அமைதியாகக் கண் மூடினாளாம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்தவள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். காதில் இருந்த மிஷின் புதிது. விழாவில் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும் என்று மகன்தான் வாங்கி மாட்டிவிட்டிருந்தான். கேட்டுவிட்டது, நன்றாகவே கேட்டுவிட்டது.

சில வாரங்களுக்கு முன் அவன் ஒரு கேமராக்காரனை வீட்டுக்குக் கூட்டி வந்தான். மகன் ஜெபக்கூடத்தின் செயலாளர். மூடிப்போன மில்லின் முதலாளியுடைய பேரன் ஜெபக்கூடத்துக்குப் புது மண்டபம் கட்டிக் கொடுத்திருந்தான். திறப்பு விழாவுக்கு ஒரு படம் எடுக்கிறோம், மனசில் இருப்பதை எல்லாம் சொல்லுங்க என்றார்கள். அவளும் நம்பி, ஒரு மத்தியானம் முழுக்கத் தொண்டை வறளச் சொன்னாள். இவ்வளவு வருஷம் கழித்தாவது ஒருவன் கேட்கிறானே என்று கேமராக்காரனுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். போகும்போது அவன், உங்க முகம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா என்றான். முகத்தை வைத்துக்கொண்டு பேச்சைத் தூக்கிக் குப்பையில் போடப் போகிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் சொன்னது இதுதான். மில்லின் தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி அடை அடையாக மிதக்கும். அங்கே இருமாத பெண்ணே கிடையாது. தூசியை வெளியே இழுக்கிற விசிறி வேண்டும் என்றுதான் கேட்டார்கள், கூலி உயர்வுகூடக் கேட்கவில்லை. ஆகட்டும் பார்க்கலாம் என்றே முதலாளி காலத்தை ஓட்டினார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தறிகளை நிறுத்திவிட்டு மில் வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் மூத்தவள், அவள் பக்கத்தில் தங்கை. அந்தப் பெண் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், தறிக்குத் தறி சுற்றிக்கொண்டே இருப்பாள். அதனால் மில்லே அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டது. யாருக்கு என்ன உடம்பு, யார் வீட்டில் பிள்ளை பட்டினி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாசலில் உட்காரலாம் என்ற யோசனையும் அவளுடையதே.

ஒரு காலையில் லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கையில் உருட்டுக்கட்டை. பெண்கள் எழுந்து ஓடினார்கள். எங்கே ஓடுவார்கள்? எதிரே ஜெபக்கூடம். வாரா வாரம் மண்டி போட்ட இடம், அவர்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைத்த இடம். அதன் இரும்புக் கதவு திறந்துதான் இருந்தது. அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் அது மூடிக்கொண்டது. பூட்டியது ஜெபக்கூடத்தின் காவலாள். அந்தக் காவலாள் மூத்தவளின் புருஷன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். அவனுக்குப் பின்னால் பெரிய போதகர் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கை விரியவில்லை, முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. திற, திற என்று இவள் கத்தினாள். பின்னால் வந்த கூட்டம் அடிக்குப் பயந்து நெருக்கித் தள்ளியதில் பம்பரம் கம்பியோடு நசுங்கினாள். கூட்டம் கலைந்தபோது அவள் அக்காவின் மடியில் கிடந்தாள். பீடமும் இல்லை, ஜெபமும் இல்லை, அமைதியும் இல்லை. தெருப் புழுதியில் வாயைத் திறந்து திறந்து மூச்சைத் தேடிச் செத்தாள்.

அதற்குப் பிறகு விசிறிகள் வந்தன. இரக்கப்பட்டு யாரும் போடவில்லை, பயந்துபோய்ப் போட்டார்கள். புருஷன் அன்று வீட்டுக்கு வந்து, போதகர் பூட்டச் சொன்னார், பூட்டினேன் என்றான். அதற்கு மேல் சாகும்வரை அதைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவனுக்கு அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் சோறு போட்டாள், ஒரு நாள்கூட மன்னிக்கவில்லை. ஜெபக்கூடத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. கடவுள் மேல் கோபம் இல்லையா என்று யாராவது வாயைக் கிண்டினால், அவர் என்ன பண்ணுவார், அவரும் அன்னிக்கு உள்ளே மாட்டிக்கிட்டார் என்பாள்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். மில்லில் அடுத்த தறிக்காரி, ஓயாத வாய், அதனால் ரேடியோ. தறிகளின் இரைச்சலில் அவளுக்கு இரண்டு காதும் எப்போதோ போய்விட்டன. அவள் திரையையே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூத்தவளின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லா சொன்னேடி. அந்தக் கட்டின கையைக்கூட விடாம சொல்லிட்ட."

மூத்தவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள். பழைய தறிக்காரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தறிக்கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் உதட்டில்தான், சத்தமே இல்லாமல். வேலை நிறுத்தத்தையே மேஸ்திரியின் மூக்குக்குக் கீழே அப்படித்தான் பேசி முடித்தார்கள். தறி இரைச்சலில் காது போன இந்தப் பெண்கள் யாருக்கும் அந்த இளைஞனின் குரல் கேட்கவில்லை. திரையில் அசைந்த உதட்டை அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த புத்திசாலிகள், வயசான பெண்ணின் முகம், இசை, கண்ணீர் போதும் என்று நினைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் யார் என்று யோசிக்கவே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் படம் முடிந்து, கைதட்டல் எழுந்து, மகன் அவளை மேடைக்குக் கூட்டிப் போக வந்து நின்றான். மேடைச் சுவரில் ஒரு கல்வெட்டு, அதன்மேல் பட்டுத் துணி. 'அடைக்கலம் தந்த இல்லம்' என்று செதுக்கியிருப்பதாக அவன் அப்போதுதான் பெருமையாகச் சொன்னான். துணியை அவள்தான் இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால் பொய் கல்லில் ஏறிவிடும். அப்புறம் யார் அழிப்பது?

"என் பேச்சை எங்கடா போட்ட?" என்று கேட்டாள்.

அவன் குனிந்து, கையிலிருந்த மைக்கைப் பொத்திக்கொண்டான்.

"அம்மா, அப்பா செத்துப் போயிட்டார். இத்தனை பேர் நடுவுல அவரைக் கொண்டுவந்து நிறுத்தணுமா? நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு துணியை இழுங்க. எனக்காக."

அவன் கெஞ்சியதில் நடிப்பில்லை. அப்பன் மேல் அவனுக்கு உயிர். அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. செத்துப் போன அப்பனுக்காக இவ்வளவு உருகுகிறவனுக்கு, செத்துப் போன சித்தி ஞாபகத்தில்கூட இல்லை. பிறந்ததிலிருந்து இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்.

மேடையில் ஏறினாள். மகன் மைக்கை வாய்க்கு நேரே நீட்டினான். புறங்கையால் அதைத் தள்ளிவிட்டு, பின்வரிசைகளைப் பார்த்துத் தறிப் பேச்சில் ஆரம்பித்தாள். உதடுகளை நன்றாகப் பிரித்து, நிதானமாக, ஒரு துளி சத்தம் இல்லாமல்.

"நான் பேசினதை அந்தப் பையன் பேசல. கதவைத் திறந்து விட்டாங்கன்னு சொல்றான். நம்ம பம்பரம் உள்ள, ஜெபம் பண்ணிக்கிட்டே, நிம்மதியா செத்தாளாம். இந்தத் துணிக்குப் பின்னாடி அதைத்தான் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க."

பின்வரிசைகளில் முகங்கள் மாறுவதை அவள் பார்த்தாள். போதகர் புதியவர், இளவயசுக்காரர், மனுஷன் நல்லவர்தான். மேடையில் ஒரு வயதான அம்மா சத்தமில்லாமல் வாயசைக்கக் கண்டதும் அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"அம்மா மனசுக்குள்ள ஜெபிக்கிறாங்க," என்றார். "நாமும் எல்லாரும் கண்ணை மூடி அவங்களோட ஜெபிப்போம்."

மண்டபமே தலை குனிந்தது. முன்வரிசையில் முதலாளியின் பேரன் பயபக்தியோடு கைகூப்பிக் கண்ணை மூடினான். போதகர் உருக்கமாக ஜெபிக்கத் தொடங்கினார். தறிக்காரிகள் யாரும் கண்ணை மூடவில்லை.

மூத்தவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் கண்ணை மூடவில்லை. சிறு வயதில் பள்ளி விட்டதும் மில் ஜன்னலுக்கு வெளியே நின்று, பசிக்குதும்மா என்று சத்தமில்லாமல் சொல்லிப் பழகியவன் அவன். அந்தப் பேச்சு அவனுக்கு எப்படி மறக்கும்?

"உங்கப்பா பயத்துல பூட்டினார்," என்று அவனுக்கு மட்டும் சொன்னாள். "நீ எதுக்குடா பூட்டுற?"

அவன் முகம் வெளுத்தது. போதும்மா என்று உதடு மட்டும் அசைத்தான். போதாது என்றாள்.

கீழே நாற்காலிகள் நகர்ந்தன. முதலில் ரேடியோ எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அடுத்து அவளுக்குப் பின்னால் ஒருத்தி, பிறகு வரிசையாக எல்லோரும். எழுந்து நின்று ஒரே பெயரைச் சொன்னார்கள். பம்பரம் என்று சொன்னால் உதடு ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். மண்டபம் முழுக்க வாய்கள் அப்படித் திறந்து திறந்து மூடின, காற்றைத் தேடுகிற மாதிரி. போதகரின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. குனிந்த தலைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் மைக்கை இறுகப் பிடித்தபடி அந்த வாய்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணை மூட வேண்டும் என்று எவ்வளவு முயன்றும் அவனால் முடியவில்லை.