முதல்வர் வேட்பாளருக்குப் பொன்னாடை

மாநில முதல்வர் பதவிக்கு நிற்கிற பெர்க்மான், பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழர் மண்டபத்துக்கு அரை மணித்தியாலம் வந்துபோகச் சம்மதித்ததும், மைன்கரைத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் விமலநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. யார் பொன்னாடை போர்த்துவது என்று நிர்வாகக் குழு கூடிக்கூடிச் சண்டை பிடித்தது. ஒருவரையும் பகைக்க முடியாது என்று, கடைசியில் எல்லோருமே போர்த்தலாம் என முடிவானது. அடடா, என்ன சனநாயகம்!

இராஜேஸ்வரிக்குப் பொன்னாடையும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது இரண்டு நிமிடம். அவளுடைய தம்பி மகள் மிதுஷா முதியோர் இல்லமொன்றில் உதவியாளாக வேலை செய்கிறாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறூட்டுகிற வேலை. தாதிப் படிப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவளுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் தானாகப் போகாவிட்டால் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். பெர்க்மான் இப்போதும் மந்திரிதான், அவர் மனம் வைத்தால் நிறுத்தலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

"தம்பி, நான் அவரோட ரெண்டு வசனம் கதைக்கவேணும்," என்று இராஜேஸ்வரி விமலநாதனிடம் கேட்டாள்.

"ஓமக்கா, கட்டாயம். மரியாதை எல்லாம் முடிய உங்களை விடுறன்."

மரியாதை முடிந்தால்தானே!

முதலில் குத்துவிளக்கு. ஐந்து திரிக்கும் ஐந்து பிரமுகர். படம் சரியாக விழவில்லை என்று கமராக்காரர் முகம் சுளிக்க, மங்கலமாவது மண்ணாவது, ஒரு திரியை ஊதி அணைத்துவிட்டுத் திரும்பவும் ஏற்றினார்கள். பிறகு விமலநாதனின் மகள் லக்சிகாவின் வரவேற்பு நடனம். நல்ல பிள்ளை, நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் பாட்டு முடிகிற பாடாயில்லை. பிறகு பொன்னாடைகள். ஒவ்வொருவரும் போர்த்தி, கமராவைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு தரம் சிரித்து இறங்கினார்கள். பெர்க்மானின் கழுத்து மறைந்து மூக்கு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு விமலநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஒரு பையோடு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் தான் அகதியாக வந்திறங்கிய கதையை ஆரம்பித்தார். பேச்சில் அவர் இன்னும் அகதி முகாமை விட்டு வெளியே வரவில்லை, அதற்குள் பெர்க்மானின் உதவியாளர் எழுந்து கோட்டைப் போட்டுவிட்டார்.

ஆனாலும் பெர்க்மான் நாகரிகமான மனிதர். புறப்படுமுன் தானாகவே கேட்டார்: "நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? ஏதாவது பிரச்சினை உண்டா?"

இராஜேஸ்வரி எழுந்துவிட்டாள். விமலநாதன் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஜெர்மனில் சொன்னார்: "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஐயா! நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறோம்!"

மண்டபம் கைதட்டியது. பாவி, வாய் கூசாமல் சொன்னான்!

"என்ன தம்பி செய்துபோட்டாய்?" என்று அவள் அவரை மறித்தாள்.

"அக்கா, வந்த மனிசனுக்கு முன்னால அழுது வடிஞ்சால் எங்கட மானம் என்னாகிறது? அவர் வெல்லட்டும், பிறகு ஆறுதலாக் கேப்பம்."

"அதுக்கிடையில பிள்ளையை ஏத்திப்போடுவாங்களடா!"

அவரோடு நின்று மினைக்கெட அவளுக்கு நேரமில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெர்க்மான் காரில் ஏறக் காலெடுத்து வைத்திருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டாள். மிதுஷா சொல்லிக்கொடுத்து வாரம் முழுவதும் பாடமாக்கிய வசனங்களைப் பிழையில்லாமல் சொன்னாள். என் மருமகள் உங்கள் முதியவர்களைப் பராமரிக்கிறாள். செவ்வாய்க்கிழமைக்குள் அவளைப் போகச் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெர்க்மான் அவளுடைய கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். முகம் மலர்ந்து ஏதோ சொன்னார். கார் போய்விட்டது.

மண்டபத்துக்குள் இருந்து மிதுஷா பின்னால் ஓடிவந்தாள். "மாமி, என்ன சொன்னவர்?"

இராஜேஸ்வரி கார் போன பக்கமே பார்த்தபடி சொன்னாள்: "என்ர ஜெர்மன் நல்ல வடிவாம், பிள்ளை."

அது வாசல்வரை வந்திருந்த விமலநாதன் காதிலும் விழுந்தது. அவர் மேடைக்கு ஓடி, "எங்கட இராஜேஸ்வரி அக்காவை வருங்கால முதல்வர் பாராட்டியிருக்கிறார்! பலமான கரகோஷம்!" என்று முழங்கினார். சனம் எழுந்து நின்று தட்டியது.

இராஜேஸ்வரி மேடையேறினாள். அவருடைய கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தாள்.

"தட்டாதேங்கோ. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்தப் பிள்ளையை வீடு புகுந்து பிடிக்க வருவாங்கள். அண்டைக்கு உங்களில ஆர் என்ர வீட்டு வாசல்ல வந்து நிக்கிறியள்? கையைத் தூக்குங்கோ."

ஒரு கைகூட எழவில்லை.

விமலநாதன் மெல்ல ஒலிவாங்கியை வாங்கித் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்த நிகழ்ச்சி, நன்றியுரை."