நாற்பதாவது அடுப்பு

எங்கட பனிச்சங்கேணி மரண உதவிச் சங்கத்துக்குப் பதினொரு வருசமா நான்தான் செயலாளர். தெய்வமணி எண்டு பேரைக் கேட்டாலே, கூட்டத்துக்குப் பிந்தி வாறவன் வேலியோரம் பதுங்குவான். பதுங்கட்டும். ஒரு சாவு விழுந்தா பந்தல் போட, குழி வெட்ட, சமைச்சுப் போட ஆள் அனுப்புறது இந்த வாய்தானே.

சங்கத்தில குடும்பத்தை அடுப்பாலதான் எண்ணுவம். தனியா உலை வைச்சா தனிக் குடும்பம். நாற்பது அடுப்புக்குக் குறைஞ்சா சங்கத்தைக் கலைச்சுப் பக்கத்து ஊரோட சேரவேணும் எண்டது எங்கட யாப்பில உள்ள விதி. பொடியன்மார் கனடா, லண்டன் எண்டு குடும்பத்தோட பறக்க, அறுபத்திரெண்டு அடுப்பு சரியா நாற்பதில வந்து நிண்டுது. பக்கத்து ஊரார் நல்ல சனம்தான். ஆனா அவங்கட பந்தலும் கதிரையும் வந்து சேர முதல் எங்கட பிரேதம் சுடலைக்குப் போயிரும்.

இப்பிடி இருக்கக்குள்ள, ஒரு பின்னேரம் மூர்த்தி அண்ணனும் சீதேவிப்பிள்ளை அக்காவும் என்ர முற்றத்தில வந்து நிண்டாங்க. அண்ணன் ஆத்தில இறால் பிடிக்கிறவர், மனிசி செத்து ஆறு வருசம். அக்கா காடு வெட்டின சேனையில கச்சான் கடலை போடுறவ, அவட புருசனும் இல்ல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு அடுப்பில தனியாப் பொங்கித் திங்கிறவங்க. இப்ப கலியாணம் முடிக்க விருப்பமாம். எனக்கெண்டா சந்தோசம் தாங்கேலாமப் போச்சு. அப்பதான் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முடிச்சா ஒரு அடுப்புக் குறையும், தங்கச்சி. எங்களால சங்கம் உடையிறதெண்டா, நாங்க இப்பிடியே இருந்திருவம்."

எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. அடுத்த சாவுக்காக ரெண்டு உசிரைப் பிரிச்சு வைக்கிறதுக்கா சங்கம்?

அடுத்த நாள் குடும்பப் பேரெல்லாம் எழுதின இடாப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாப் போனன். கூட்டுக் குடும்பம் எதையாவது பிரிச்சு ஒரு அடுப்புக் கூட்டலாம் எண்டு நினைப்பு. எல்லா இடமும் பேச்சு வாங்கினன். கடைசியா அன்னப்பூரணி மச்சாள் தேங்காய் துருவினபடியே சொன்னா:

"மகள் கலியாணம் முடிச்சும் வீட்டை விடாம, அவட அடுப்பில குந்தியிருக்கிறது இந்த ஊரில நீ மட்டும்தான் கா."

எங்கட பக்கம் மகள் முடிச்சா வீடு அவளுக்கு. தாயும் தகப்பனும் வேற இடம் பார்க்கவேணும். அதை ஊரெல்லாம் சொல்லிக் குடுத்ததும் நான்தான். என்ர மகள் உசாந்தி முடிச்சு நாலு வருசம். அவள் வைக்கிற தேங்காய்ச் சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லிச் சொல்லி, அகப்பையை நான் விடவே இல்ல. ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி.

கலியாணம் முடிச்சா மூர்த்தி அண்ணன் அக்காட வீட்டுக்குப் போயிருவார். அவர்ர வீடு சும்மாதான் கிடக்கும். அங்க போறன் எண்டு உசாந்திக்குச் சொன்னன். அழுவாள் எண்டு பார்த்தா, "எப்பம்மா?" எண்டு கேட்டாள். என்ர மனிசன் அதுக்குள்ள பாயைச் சுருட்டிப்போட்டார்.

கோயிலில தாலி கட்டின அண்டைக்கே புது அடுப்பில உலை வைச்சன். இடாப்பில நாற்பதாவதா என்ர பேரை எழுதக்குள்ள அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. மத்தியானம் உசாந்தி சம்பல் அனுப்பியிருந்தாள். உப்புச் சரியாத்தான் இருந்துது. அதை நான் ஆருக்கும் சொல்லல்ல.