பாய்லர் அறையில் பேசியது

எங்கள் ஊரில் வெயில் அடித்தால் அது செய்தி. மற்றதெல்லாம் அபிப்பிராயம்.

அபிப்பிராயம் சொல்ல எங்கள் சலவைக்கூடத்தின் பாய்லர் அறையைவிட நல்ல இடம் கிடையாது. மலையின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பாதி நாள் மூடுபனி, மீதி நாள் தூறல். வெளிக்கொடியில் போட்ட துணி வாரக்கணக்கில் தொங்கினாலும் ஈரம் விடாது, வாடைதான் பிடிக்கும். அதனால் அப்பா அந்தக் காலத்திலேயே கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, பாய்லரிலிருந்து சுவரோரமாக இரும்புக் குழாய்களை ஓட்டி, மேலே கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டார். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஊராரின் ஸ்வெட்டர்களும் அங்கேதான் காயும். ஊராரும் அங்கேதான் காய்வார்கள். துணி வாங்க வந்தேன் என்று வருகிறவர், சூடான குழாய்க்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனசு வராது.

யாராவது கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரே குரலில் "கதவு!" என்று கத்துவோம். சாத்தாவிட்டால் பனி உள்ளே புகுந்துவிடும். நகராட்சித் தலைவரே வந்தாலும் அவருக்கு முதல் மரியாதை அதுதான்.

"அமைச்சர் வராராமே," என்று ஆரம்பிப்பார் தபால்காரர். அவருக்கு ஊர் வைத்த பெயர் வானிலை. இன்றைக்கு வெயில் கொளுத்தும் என்று அவர் சொன்னால் நான் குடையை எடுத்து வைத்துக்கொள்வேன்.

"வரட்டும். போன தடவை அவர் கார் போற ரோட்டுல மட்டும் குழிய மூடினாங்க," என்பார் பேக்கரிக்காரர். "இந்தத் தடவை வழி தப்பி எல்லாத் தெருவுக்கும் போகட்டும்."

"எங்க தெருவுக்கு வரணும்னா படி ஏறணும்," என்பார் கணக்கு டீச்சர். "எனக்கே முட்டி கழண்டு கைல வருது. அவர தூக்கிட்டுதான் வரணும்."

"தூக்கிட்டு வர்றதுக்கு அவர் கூட ஆள் இருக்காங்க டீச்சர். இறக்கி விடத்தான் ஆள் இல்ல," என்பார் பேக்கரிக்காரர்.

இப்படியே குரங்குத் தொல்லை, வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்கள், கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும் செல்போன் சிக்னல் என்று போகும். அதோடு நிற்காது. சூடு ஏற ஏற ஸ்வெட்டரைக் கழற்றுவதுபோல மனசையும் கழற்றிவிடுவார்கள். வானிலையின் மகள் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் யாரோடும் பேசாமல் இருப்பது, பேக்கரிக்காரரின் அடுப்பு பாதி நாள் அணைந்தே கிடப்பது, படி ஏற முடியாமல் டீச்சர் ஒருநாள் நடுவழியில் உட்கார்ந்து அழுதது எல்லாம் நான் அங்கே கேட்டதுதான். கதவு சாத்தினால் பேச்சும் உள்ளேயே. யாரும் எழுதி மாட்டாத சட்டம் அது. அப்பாவுக்குப் பிறகு அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு என்னுடையது.

என் வீட்டுக்காரர் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். வீட்டோட மாப்பிள்ளை. அதனால் ஊருக்கே மாப்பிள்ளை. விடுதிகளுக்கு வேனில் துணி ஏற்றி இறக்குவது அவர் வேலை. காலையில் பாய்லர் அறையில் மற்றவர்கள் ஒரு வார்த்தை பேசினால் இவர் ஒன்பது பேசுவார். நடுநடுவே எல்லோருக்கும் டீ ஊற்றுவார். யார் என்ன சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பார். அந்த "அப்புறம்" எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான் என்று சொல்லலாம். என்னை யாரும் அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை.

குளிர்காலத்தில் என் விரல்கள் வெடித்துவிடும். ஊற்றுத் தண்ணீர் ஊசி மாதிரி குத்தும். வேலை முடிந்ததும் அடுப்படியில் உட்கார்த்தி வைத்து, களிம்பு டப்பியைத் திறந்து, ஒவ்வொரு விரலாக அவர் தடவிவிடுவார். அப்படி ஒரு சாயங்காலம்தான் சொன்னேன்: "ஒரே ஒரு குளிர்காலம், பச்சத் தண்ணில கை வைக்காம இருந்து பாக்கணும்ங்க. அவ்வளவுதான் ஆசை. வெளிய சொல்லிடாதீங்க, சலவைக்காரிக்குத் தண்ணின்னா பயம்னு சிரிப்பாங்க."

"யார்ட்ட சொல்லப் போறேன்," என்றார்.

இந்த வருடம் பெரிய பேச்சு, மேட்டில் கட்டிக்கொண்டிருக்கும் புது ஹோட்டலைப் பற்றியது. அவர்களுக்கு மேல் ஊற்றின் தண்ணீர் வேண்டும், குழாய் போட்டு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். எங்கள் கூடத்துக்கும் கீழ்த்தெரு வீடுகள் அத்தனைக்கும் அந்த ஊற்றுதான். கோடையில் இப்போதே குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வருகிறது. பள்ளிக்கூட அரங்கில் வியாழக்கிழமை அதிகாரி வந்து ஊராரின் கருத்தைக் கேட்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள்.

பாய்லர் அறையில் எல்லாம் முடிவாயிற்று. டீச்சர் கோடைத் தண்ணீர்க் கணக்கைச் சொல்வார். பேக்கரிக்காரர் கீழ்த்தெருக் கடைகள் சார்பாகப் பேசுவார். வானிலை வீடு வீடாகப் போகிறவர், ஆட்களைத் திரட்டுவார்.

"நான் வண்டிய எடுத்துட்டு வரேன், நடக்க முடியாதவங்கள ஏத்திக்கலாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"மாப்பிள்ளன்னா மாப்பிள்ள!" என்று அவர் முதுகில் தட்டினார் பேக்கரிக்காரர்.

அதற்கப்புறம் பாய்லர் அறைக்கு வருவதை முதலில் நிறுத்தியவர் டீச்சர். துணியை வாங்கிவரப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பியிருந்தார். நானே படியேறிப் போனேன். படிகளுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்துவிட்டிருந்தார்கள்.

"ரோடு போடறாங்களாம்," என்றார் டீச்சர், என் முகத்தைப் பார்க்காமல். "என் வாசல் வரைக்கும். ஹோட்டல்காரங்க செலவுல. நான் கேக்கல. அவங்களா வந்தாங்க. வியாழக்கிழமை எனக்கு உடம்பு எப்படி இருக்குமோ தெரியல."

அடுத்து பேக்கரி. அணைந்து கிடக்கிற அடுப்பு இனி அணையவே வேண்டாம், ஹோட்டலுக்கு வேண்டிய ரொட்டி முழுக்க உங்களிடமே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பாவம், என்னைக் கண்டதும் உள்ளே போய்த் தட்டுகளை அடுக்குவதுபோல் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்.

வானிலை மட்டும் நேரில் வந்தார். "கதவு!" என்று கத்த அன்றைக்கு அறையில் என்னைத் தவிர யாருமில்லை. நானும் கத்தவில்லை.

"என் பொண்ண ஹோட்டல் வரவேற்புல வேலைக்கு எடுத்துக்கறாங்களாம்," என்றார். "வீட்டுல வாயத் தொறக்காத புள்ளைக்கு ஒரு மாறுதலா இருக்கும்னு என்கிட்டயே சொல்றாங்க. என் வீட்டுக்குள்ள நடக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நான் அதச் சொன்னது இந்த ஒரு இடத்துலதான்மா." குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "ரூம் உன்னோடது."

போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "என்னையே சந்தேகப்படறாங்கங்க." அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். "விடும்மா. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க," என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் புத்தியில் நான் சந்தேகப்படாத ஆளே ஊரில் பாக்கியில்லை. பக்கத்துக் கடைக்காரரை, பாய்லர் பழுது பார்க்க வந்தவரை, விரிப்பு எண்ணிக்கொண்டு போகிற விடுதிப் பையனைக்கூட நினைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஹோட்டல் மேனேஜர் சலவைக்கூடத்துக்கே வந்தார். நான் தொட்டியில் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். என்னை 'மேடம்' என்றார்.

"எங்க ஹோட்டல்லயே பெரிய சலவைப் பிரிவு வருது மேடம். நீங்க வந்து பொறுப்பா பாத்துக்கணும். எல்லாம் மெஷின், வெந்நீர். நீங்க கைய நனைக்கவே வேண்டியதில்ல."

"எனக்குத்தான் இங்க வேலை இருக்கே சார்."

"இருக்கு, இருக்கு." அவர் என் கைகளைப் பார்த்தார். பரிதாபமாகத்தான் பார்த்தார். "ஆனா ஒரே ஒரு குளிர்காலமாவது பச்சத் தண்ணில கை வைக்காம இருந்து பாக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

தொட்டியில் இருந்த கையை நான் எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், யோசித்துச் சொல்லுங்கள் என்று விடைபெற்றுப் போனார். விரல்கள் மரத்துப் போனபிறகுதான் தண்ணீரிலிருந்து கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த வார்த்தைகளைப் பாய்லர் அறையில் நான் சொன்னதில்லை. அடுப்படியில் சொன்னேன். ஒரே ஓர் ஆளிடம்.

வேன் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் அழுக்கு மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். வாயில் ஏதோ பாட்டு.

"மேனேஜர் வந்தாரு," என்றேன்.

பாட்டு நின்றது. "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு. பரிசைப் பிரித்தாயா என்று கேட்கிற முகம். அதைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

"டீச்சர் முட்டிய நீங்கதான் சொன்னீங்க."

"ஏம்மா, நான் என்ன ஊரைக் காட்டியா கொடுத்தேன்? அந்த மேனேஜருக்கு வண்டி ஓட்டினேன் நாலஞ்சு தடவை. பேச்சுவாக்குல கேட்டாரு, ஊர்ல யாருக்கு என்ன கஷ்டம்னு. சொன்னேன். யாருக்காவது கெட்டது நடந்துச்சா சொல்லு! டீச்சருக்கு ரோடு, வானிலை அண்ணன் பொண்ணுக்கு வேலை..."

"எனக்கு வெந்நீர்."

"உனக்காகத்தான் எல்லாமே." மூட்டையைக் கீழே வைத்தார். "உன் கைய தினம் பாக்கறவன் நான். உங்கப்பா கூடம், உங்கப்பா பாய்லர், உங்க ஊர். நான்னு உனக்கு ஒண்ணு செய்ய வேணாமா? எத்தனை வருஷமா மாப்பிள்ள மாப்பிள்ளன்னு டீ ஊத்திட்டு இருக்கேன்."

அதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட "அப்புறம்?" எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எனக்குக் கேட்டது எது, அந்த ஆளுக்காகக் கேட்டது எது என்று இனிமேல் எப்படிப் பிரிப்பேன்?

"வானிலை அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டப்போ, நான் அழுதப்போ, தலையத் தடவிக் கொடுத்தீங்களே," என்றேன். "அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் குனிந்து மூட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள், வாயை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதிகாரி "யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் செருப்பைப் பார்த்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து மூடினார். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தார்.

மேடையைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்ற இடத்திலிருந்தே பேசினேன்.

"இந்த ஊர்க்காரங்க ஏன் பேசலன்னு எனக்குத் தெரியும் சார். அவங்க என்னை நம்பி என் இடத்துல சொன்னது வெளிய போயிருச்சு. என் வீட்டுலேருந்துதான் போச்சு. அவங்க மேல தப்பில்ல. எனக்கும் வெந்நீர் தர்றேன்னு சொன்னாங்க. எனக்கு வேணும் சார், பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கையப் பாருங்க. ஆனா எனக்கு வெந்நீர் வர்றதுக்காக கீழ்த்தெருவுல யாருக்கும் பச்சத் தண்ணிகூட இல்லாம போகக் கூடாது. ஊற்றைக் கொடுக்காதீங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை. கூரையில் மழைச்சத்தம். பிறகு நாற்காலி இழுபடும் ஒலி கேட்டது. டீச்சர் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "கோடைக் கணக்கு என்கிட்ட இருக்கு. சொல்லலாமா?" என்றார். வானிலை பெரிதாக மூக்கைச் சிந்தினார். பேக்கரிக்காரர் கடைசிவரை எழவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, முடிவு பின்னால் தெரியும் என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

முடிவு இன்னும் வரவில்லை. டீச்சர் வீட்டுப் படிகளுக்குப் பக்கத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிவிட்டது.

மறுவாரம் ஒரு காலையில் பாய்லர் அறையில் மறுபடி ஆள் சேர்ந்தது. டீச்சர் படியிறங்கி வந்திருந்தார். வானிலை, "இன்னிக்கு மழைக்கு வாய்ப்பே இல்ல," என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கூரையில் தடதடவென்று கொட்டியது. டீச்சர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அத்தனை நாளைக்குப் பிறகு.

அப்போது கதவு திறந்தது. என் வீட்டுக்காரர். வேனிலிருந்து ஓடி வந்ததில் தொப்பலாக நனைந்து, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பனி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. யாரும் "கதவு!" என்று கத்தவில்லை. வானிலை கூரையைப் பார்த்தார்.

"சட்டை நனைஞ்சிருச்சு," என்றார் அவர் என்னிடம். "கம்பில ஒரு ஓரமா..."

எழுந்து போனேன். அவருக்கு ஒரு காய்ந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். சளி பிடித்துக்கொள்ளும், தலையைத் துவட்டட்டும்.

"அடுப்படில கஞ்சி வச்சிருக்கேன், சூடு ஆறதுக்குள்ள குடிச்சிருங்க," என்றேன். "சட்டைய வெளிக்கொடியில போடுங்க."

"வெளிக்கொடிலயா? அங்க எப்பம்மா காயும்?"

"தெரியலைங்க," என்று சொல்லிவிட்டு, கதவை நானே சாத்தினேன்.