தகப்பன் பெயர்க் கட்டம்

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் ராசம்மா வீட்டுப் பெண்கள் ஆண் துணை இல்லாமலே பிள்ளை பெற்றார்கள், பெற்றதெல்லாம் பெண். ராசம்மா வேலை பார்த்த எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், செம்பனை இலையைத் தின்னும் புழுக்களை அழிக்கக் குளவி வளர்த்தார்கள். கடுகளவு குளவி, புழுவுக்குள் முட்டையிடும், ஆணே கிடையாது. ஒருநாள் காலை அவர் தேத்தண்ணியில் ஒன்று விழுந்தது. எடுத்துப் போடச் சோம்பல்பட்டுக் குடித்துவிட்டார். மறுவருஷம் யோகேஸ்வரி பிறந்தாள். அவளுக்கு இருபத்தைந்து முடிந்ததும் ஷர்மினி தானாக வயிற்றில் வந்தாள். அக்கம்பக்கத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு கோழி விலை ஏறியதைப் பேசப் போய்விட்டார்கள்.

பிறப்புப் பத்திரத்திலும் சிக்கல் வரவில்லை. பிள்ளை பெயருக்குப் பின்னால் 'அனாக் பெரம்புவான்', அதாவது இன்னாருடைய மகள், என்று போட்டுத் தகப்பன் பெயர் எழுதவேண்டும். ராசம்மா தன் பெயரையே எழுதினார். யோகேஸ்வரியும் தன் பெயரை எழுதினாள். கவுண்டரில் இருந்த மலாய்க்காரர்கள் இரண்டையும் ஆண் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஷர்மினியும் வளர்ந்து அதே குளவிக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே பூச்சி ஆய்வாளர் மதிவாணன்தான் காரணத்தைச் சொன்னார். குளவியின் முட்டைக்குள் ஒரு கிருமி குடியிருக்கிறது. அது தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகமுடியும். ஆண் அதற்கு முட்டுச்சந்து, அதனால் ஆண் பிறக்கவே விடுவதில்லை. அவர் தேனில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து வைத்தார். அடுத்த ஈட்டில் பன்னிரண்டு ஆண் குளவிகள் வந்தன. பெண் குளவிகள் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி அவற்றைத் தாண்டிப் போயின.

இருபத்தைந்து முடிய ஒரு மாதம் இருக்கையில் ஷர்மினிக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, கன்னம் அவித்த பாவ் ரொட்டி மாதிரி உப்பியது. கிளினிக்கில் கொடுத்ததும் அதே மருந்து. பல்லைப் பிடுங்கு, மாத்திரையைத் தொடாதே என்றார் ராசம்மா. யோகேஸ்வரி கிராம்பு வைத்தாள். ஒன்பது நாள் பொறுத்த ஷர்மினி பத்தாம் நாள் மாத்திரையை விழுங்கிவிட்டாள். அதோடு குளவிக் கிருமி செத்தது, பல்வலி நின்றது, காலம் வந்ததும் பையன் பிறந்தான். ராசம்மா துணியை விலக்கிப் பார்த்து, "அலமாக், இத வச்சி என்னாடி செய்றது?" என்றார்.

முதலில் பத்திரம் எடுக்கவேண்டும். அது இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்க முடியாது. மூவரும் பையனைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். ஷர்மினி வழக்கம்போலத் தகப்பன் கட்டத்தில் தன் பெயரை எழுதி நீட்டினாள். அன்றைக்குப் பார்த்து கவுண்டரில் ராஜசேகரன், தமிழர்.

"தங்கச்சி, ஷர்மினி பொம்பள பேராச்சே. பிள்ளையோட அப்பா யாரு?"

"அப்பா இல்லண்ணே. பல்லுவலி."

ராஜசேகரன் பேனாவை மூடிவிட்டு அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார். தகப்பன் இடத்தில் யோகேஸ்வரி. யோகேஸ்வரியின் அட்டையில் ராசம்மா. பாரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஷர்மினி பையனை இறுக்கிக்கொண்டாள். அப்போது ராசம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தன் அட்டையையும் நீட்டினார். அதில் தகப்பன் இடத்தில் அய்யாவு என்றிருந்தது.

"இது ஆம்பளதானே?"

"எங்கப்பாரு, தம்பி. எங்க வீட்டுல கடைசி ஆம்பள அவருதான்."

ராஜசேகரன் முகம் தெளிந்தது. "அதான் ஒருத்தரு இருக்காரே. போதும்லா," என்று முத்திரை குத்தினார். பையனுக்கு என்ன பெயர் என்று கேட்டபோது மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆண் பெயர் அவர்களுக்கு ஒன்றுதான் தெரியும், அதையே வைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஹார்ட்வேர் கடையில் இறங்கி, ஐம்பது வருஷமாகச் சும்மா சாத்தியே இருந்த குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினார்கள்.